பத்தொன்பதாம் பக்கத்தில் மூன்று பேர்

கோர்லபின் என்ற கோதுமை ஊரில் மூன்று குழந்தைகள் ஒரு படப்புத்தகத்தின் பத்தொன்பதாம் பக்கத்தில் எட்டு மாதம் இருந்தார்கள். எட்டா, ஒன்பதா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. தீப்பிடித்தது கோதுமை அறுவடையின் இரண்டாம் வாரம் என்பதும், எல்லாம் முடிந்தபோது வயல்கள் மறுபடி பச்சையாக இருந்தன என்பதும் நினைவிருக்கிறது. நடுவில் நடந்தவற்றில் கேட்டது எது, பார்த்தது எது என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை.

அந்தப் புத்தகத்துக்கு ஒரே பிரதிதான். ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஆஸ்வின் டன்ஸ்டன் தாளுக்கு ஒரு பக்கம் மட்டும் கையால் எழுதி, நீர்வண்ணத்தில் வரைந்து, தானே தைத்து வைத்துவிட்டு இறந்துபோனார். மூன்று குழந்தைகள் தகரப் படகில் கடலுக்குப் போய், ராட்சத நண்டுகளிடம் தப்பி, புயலில் மாட்டி, வீடு திரும்பும் கதை. பெயர் வரவேண்டிய இடங்களில் வெறும் கோடு போட்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் பெயரைச் சொல்லி வாசிக்க வேண்டும். செவ்வாய்தோறும் காலையில் தீயணைப்புக் கொட்டகையில் வெர்னா பாஸ்கோ வாசித்தாள். ஏ.சி. ஒழுங்காக ஓடிய இடம் ஊரில் அது ஒன்றுதான். வாரத்துக்கு மூன்று பேர் என்று முறை. வெர்னா பெயரைச் சொன்னதும் பாயில் அந்த மூன்று இடங்களும் காலியாகும்; படத்தில் அவர்கள் படகில் ஏறிக்கொண்டிருப்பார்கள். மற்றப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். கடைசிப் பக்கம் முடிந்ததும் மூவரும் பாய்க்குத் திரும்பி வருவார்கள், காலுறை நனைந்து. கடல் நானூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அம்மாக்கள் காலுறைகளைக் கொடியில் காயப்போட்டு உப்பை உதறினார்கள். வட்டார சபை மாற்றுக் காலுறை கொண்டுவரும்படி ஓர் அறிவிப்பை ஒட்டியது. அதற்கு மேல் யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஏழு வயது தாண்டியவர்களை அந்தப் புத்தகம் ஏற்றுக்கொண்டதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ட்ரெலோர் வீட்டு ராய்ஸ், அவன் தங்கை கார்மல், வெர்னாவின் மகள் ஜூனி ஆகிய மூவரின் முறை. ஜூனிக்கு ஆறு வயது. அவளுடைய அப்பா கல்கூர்லி சுரங்கத்துக்குப் போனவன் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டதால், வெர்னாவுக்கு அவள் ஒருத்திதான். பத்தொன்பதாம் பக்கத்தில், படகு புயலுக்குள் நுழைந்தபோது, அபாயச் சங்கு ஊதியது. அறுவடை இயந்திரத்திலிருந்து பறந்த பொறியில் கிழக்கே வயல் பற்றிக்கொண்டிருந்தது. கோர்லபினில் சங்கு ஊதினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் போவார்கள். அடுப்பிலிருக்கும் கறியைக்கூட இறக்க மாட்டார்கள். தண்ணீர் வண்டியின் பம்பை ஓட்டத் தெரிந்தவள் வெர்னா மட்டும். மீதிப் பக்கங்களை வாசிக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் யாருக்கும் கிடையாது. ஆனால் சின்னப் பிள்ளைகளைத் தனியே விட்டுப் போவதும் அந்த ஊரில் வழக்கமில்லை. மற்றப் பிள்ளைகளை அவரவர் வீட்டார் வாரிக்கொண்டு ஓட, அவள் புத்தகத்தைக் கையோடு எடுத்து வண்டியின் இருக்கையில் வைத்துக்கொண்டு போனாள்.

காற்று திரும்பியது. தீ வண்டியைத் தாண்டிக்கொண்டு போனது. வெர்னா தீப்போர்வையை முதலில் புத்தகத்தின் மேல் போட்டுவிட்டுப் பிறகு அதற்குள் தான் நுழைந்தாள். அவளுடைய இடது கை வெந்தது. புத்தகத்தில் இருபதாம் பக்கத்திலிருந்து பின்னட்டை வரை சாம்பலானது.

அதன்பின் புத்தகம் ஒரு வாரம் ட்ரெலோர் வீட்டிலும் ஒரு வாரம் வெர்னா வீட்டிலும் இருந்தது. பத்தொன்பதாம் பக்கத்தில் மூன்று பேரும் படகுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ராய்ஸுக்கு ஒரு பல் விழுந்தது. ஜூனியின் முடி தோளைத் தொட்டது. முகங்கள் மெலிந்துகொண்டே வந்தன. டிசம்பரில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் ஈஸ்டருக்கு முழங்காலைத் தாண்டியது. ஒருநாள் வெர்னா பொறுக்க முடியாமல், தன் வாயால் மீதிக் கதையைச் சொல்லிப் பார்த்தாள். காற்று தணிந்தது என்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்தில் காற்று சுழன்று, ஒரு துடுப்பை அடித்துக்கொண்டு போனது. வார்த்தைகள் டன்ஸ்டன் எழுதியபடியே இருக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த வார்த்தைகள் யாருக்குத் தெரியும் என்று யோசித்தவள் ராய்ஸ், கார்மலின் அம்மா மாவிஸ். நூறு தடவை கேட்ட கதையில் ஒரு சொல் மாறினாலும் சின்னப் பிள்ளைகள் விட மாட்டார்கள். பழைய செவ்வாய்க்கிழமைப் பிள்ளைகள் பதினான்கு பேரைத் தேடி வரவழைத்தார்கள். ஒருவன் பெர்த்தில் விடுதிப் பள்ளியில் இருந்தான், ஒருத்தி ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் சமைத்துக்கொண்டிருந்தாள், இரண்டு பேருக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. எல்லோரும் பழைய பாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மாவிஸ் வெள்ளைத் தாள்களைப் புத்தகத்தில் தைத்திருந்தாள்.

"அல பெருசா வந்துச்சு, அப்படித்தான?"

"பெருசா இல்ல. 'தானியக் கிடங்கு ஒசரத்துக்கு'ன்னு வரும். உனக்கு அன்னைக்கே காது மந்தம்."

"உனக்கு வாய் மட்டும் நல்லா வேல செஞ்சுது. பிஸ்கட் தின்னுட்டே இருந்த."

சொல் சரியாக அமைந்ததும் வெள்ளைத் தாளில் நிறம் ஊறி வந்தது. இருபதாம் பக்கத்தில் படகு அலை மேல் ஏறியது. இருபத்தொன்றில் இறங்கியது. இருபத்திரண்டில் பாறைகள் தெரிந்தன. அடுத்ததாக எல்லோரும் ஒரே குரலில் வீட்டு வாசல் வரும் பக்கத்தைச் சொன்னார்கள். தாள் வெள்ளையாகவே இருந்தது. மறுபடி சொன்னார்கள். தண்ணீர் கார்மலின் மார்புவரை வந்திருந்தது.

ரோமக் கொட்டகையில் சமைக்கும் டெல்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மிசஸ் பாஸ்கோ, அந்த எடத்துல நீங்க எப்பவும் ரெண்டு தாள ஒண்ணா திருப்புவீங்க. எங்களுக்குத் தெரியும். கேக்கக் கூடாதுன்னு விட்டுட்டோம்."

 புத்தகம் கையில் கிடைத்த அன்று வெர்னா ஒரே ஒரு முறை அந்தப் பக்கத்தைப் படித்திருந்தாள். குழந்தைகள் அழுவார்கள் என்று அதன்பின் வாசித்ததே இல்லை. அந்தப் பக்கத்தின் வார்த்தைகள் மட்டும் அவளுக்கு மறக்கவில்லை. தாள் இருந்தவரை அதைத் தாண்ட முடிந்தது; எரிந்தபின் சொல்லாமல் தாண்ட முடியவில்லை.

"ஒரு ஆள் பாறையில எறங்கி வெளக்கப் புடிக்கணும்," என்றாள். "அப்பதான் மத்த ரெண்டு பேருக்கு வழி தெரியும்."

"சரி, அப்புறம் அந்த ஆளக் கூட்டிட்டு வர்றது யாரு?" என்று மாவிஸின் கணவன் கெர்வின் கேட்டான்.

"தெரியல. அதுக்கு மேல அதுல எழுதல, கெர்வின். கடைசிப் படத்த நான் எண்ணிப் பாத்ததில்ல."

"அதெப்படி தெரியாது? கடைசிப் பக்கத்துல எத்தன பேரு சாப்புட ஒக்காந்தாங்க? யாராவது சொல்லுங்கப்பா."

ஆறு பேர் மூன்று கிண்ணம் என்றார்கள். ஐந்து பேர் இரண்டு என்றார்கள். மூன்று பேர் கிண்ணத்தையே கவனித்ததில்லை என்றார்கள். பாறையில் இறங்குகிறவரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் டன்ஸ்டன் கோடுதான் போட்டிருந்தார். வாசிப்பவர்தான் சொல்ல வேண்டும். கெர்வின் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். மாவிஸ் வெர்னாவின் முகத்தையே பார்த்தாள்.  அவள் விரல்கள் கையிலிருந்த தையல் நூலைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தன.  

பிறகு வெர்னா அந்தப் பக்கத்தை வார்த்தை பிசகாமல் சொன்னாள். கோடு வந்த இடத்தில் ஜூனி என்றாள்.

தாளில் நிறம் ஊறியது. ஜூனி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறையில் கால் வைத்தாள். விளக்கு இரண்டு கையாலும் தூக்குகிற அளவுக்குப் பெரிதாக இருந்தது. பதினான்கு பேரும் கடைசிப் பக்கத்தைச் சொல்லி முடித்தபோது ராய்ஸும் கார்மலும் பாயில் இருந்தார்கள், கழுத்துவரை நனைந்து, எலும்பும் தோலுமாக. கடைசிப் பக்கத்துப் படத்தில் மேசை மேல் இரண்டு கிண்ணங்கள் இருந்தன.

வெர்னா பல வருடம் மூன்றாவது கிண்ணத்துக்காக ஒரு பக்கம் எழுதிப் பார்த்தாள். எழுதியது எதுவும் தாளில் நிற்கவில்லை. எழுத எழுத மை மறைந்து தாள் வெள்ளையானது. ராய்ஸ் தானியக் கிடங்கில் எடை பார்க்கிறான். கார்மல் அடிலெய்டில் செவிலியாக இருக்கிறாள். அவள் வீட்டில் படப்புத்தகம் கிடையாது. கெர்வின் குளிர்காலந்தோறும் வெர்னா வீட்டு முற்றத்தில் விறகை இறக்கிவிட்டு, கதவைத் தட்டாமல் போனான். சாகிறவரை அவளிடம் பேசவில்லை. மாவிஸ் தினமும் வந்து பேசினாள், ஜூனியைத் தவிர மற்றெல்லாவற்றையும் பற்றி. வெர்னா பம்பை விடவில்லை. செவ்வாய்க்கிழமை வாசிப்பு இன்னும் நடக்கிறது. கடையில் வாங்கிய புத்தகங்கள், எல்லாப் பக்கங்களையும் வாசிக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பாறையில் ஜூனிக்கு முப்பத்தாறு வயதாகிறது. முன்முடி நரைக்கத் தொடங்கியிருக்கிறது. விளக்கை இப்போது ஒரு கையில் பிடித்திருக்கிறாள்.