தேதி குறிக்காத சட்டம்

...அப்படியென்றால் அந்தச் சட்டம் இருக்கிறதா இல்லையா, இருந்தும் இல்லாமல் ஒரு சட்டம் எப்படி இருக்கும், தொப்பூர் இறக்கத்தில் தக்காளி லோடோடு இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டு யோசிக்கிற விஷயமா இது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் கேட்டுவிட்டானே... பேர் தீர்த்தகிரியாம், அவனும் டிரைவர்தான், எனக்குப் பின்னால் வந்த சிமெண்ட் லாரி அவனுடையது, மேல் வளைவில் ஒரு பைக்கைத் தட்டிவிட்டு, லாரியை அப்படியே போட்டுவிட்டு, காலில் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்து என் வண்டியில் தொற்றி ஏறிவிட்டான். "கீழ போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் வுட்டுடுங்ணா, சனம் புடிச்சா அடிச்சே கொன்னுடும்." இறக்கிவிட மனசு வரவில்லை. "நியூட்ரல்ல வுட்டியா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். விட்டிருக்கிறான், டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இந்த இறக்கத்தில் எத்தனை பேர் இப்படி, அப்புறம் பிரேக் பிடிக்காமல்... ஓடி வந்தது தப்பா என்றால், எங்கள் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான், அடிபட்டால் நீ ஓடு, வண்டி போனால் போகட்டும், நேராக ஸ்டேஷனில் போய் நில். ஆனால் ஸ்டேஷன் வரைக்கும் எல்லாரும் போகிறார்களா என்ன. அப்படிப் போகாதவனுக்குத்தான் புதுச் சட்டத்தில் பத்து வருஷம் வரை ஜெயில் என்று வந்தது, ஜனவரியில் வடக்கே ஸ்டிரைக் என்று லாரியெல்லாம் நின்றது, நாலைந்து நாள் கழித்து எங்கள் சங்கத்து மதியழகன் ஸ்டாண்டில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார், "ரத்து பண்ணிட்டாங்கப்பா, போயி நிம்மதியா வண்டி ஓட்டுங்க." நானும் ஒரு லட்டு தின்றேன். இப்போது ஜூலை மாசம், புதுச் சட்டம் வந்துவிட்டது என்று டிவியில் சொல்கிறார்கள், எந்தச் சட்டம் வந்தது, எது போனது?

"பத்து வருசமாண்ணா? எம் பொண்ணு இப்பத்தான் ஒண்ணாவது போவுது" என்றான் தீர்த்தகிரி. என் அக்கா மகள் கவிப்பிரியா சேலத்தில் சட்டம் படிக்கிறாள், அவளுக்குப் போடு என்று என் போனை அவனிடமே கொடுத்து ஸ்பீக்கரில் பேசினேன், அவன் இருப்பதைச் சொல்லவில்லை, சும்மா சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டேன். "ரத்தெல்லாம் ஆவல மாமா. ரெண்டு சபையிலயும் பாஸாயி ஜனாதிபதி கையெழுத்தும் போட்டாச்சு. இந்த மாசம் ஒண்ணாந் தேதி மீதியெல்லாம் அமலுக்கு வந்துருச்சு, ஓடிப்போனா பத்து வருசங்கிற அந்த ஒரு உட்பிரிவு மட்டும் வரல." நிச்சயம் பண்ணிப் பத்திரிகையும் அடித்துவிட்டுத் தேதி போடாமல் விட்ட மாதிரியா பாப்பா என்றேன். "எதப் பேசுனாலும் எங் கல்யாணத்துலயே கொண்டாந்து நிறுத்துங்க! ரோட்டப் பாத்து ஓட்டுங்க மொதல்ல."

ரோட்டைத்தான் பார்க்கிறேன், ஆனாலும் மண்டை அதிலேயே சுற்றுகிறது. பார்லிமெண்டில் ஓட்டு என்றால் விரலில் மை வைக்கிற ஓட்டு இல்லையாம், ஆமாம் என்கிறவர்கள் ஒரு சத்தம், இல்லை என்கிறவர்கள் ஒரு சத்தம், எது பெரிசு என்று மேலே நாற்காலியில் இருக்கிறவர் காதால் முடிவு சொல்வாராம், யாராவது ஒத்துக்கொள்ளாமல் கேட்டால்தான் எண்ணுவார்களாம், பாலக்கோடு மண்டியில் தக்காளி ஏலம் விடுகிறவர் காதும் அப்படித்தான்... பிறகு இன்னொரு சபை, அதில் இருப்பவர்களுக்கு நான் ஓட்டே போடவில்லை, நான் ஓட்டுப் போட்ட எம்எல்ஏ போட்டிருக்கிறார். சரி, இத்தனை பேர் சேர்ந்து ஆமாம் என்று சொன்ன பிறகு நிறுத்தி வைக்க யாருக்கு அதிகாரம்? அதையும் கவியிடமே கேட்டேன். "அந்தச் சட்டத்துலயே எழுதியிருக்காங்க மாமா, எந்தப் பிரிவு எப்ப வரணுமின்னு அரசாங்கம் தேதி சொல்லும்னு. அந்த அதிகாரத்தக் குடுத்ததே பார்லிமெண்டுதான்." அட, சட்டம் போட்டவர்களே சாவியை வேறு ஒருவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள், அப்படியென்றால் நாளைக்கே ஒரு தேதி சொன்னால் வந்துவிடுமா, மறுபடி கூடிக் கத்த வேண்டியதில்லையா, இது தெரியாமலா மதியழகன் லட்டு கொடுத்தார், தெரிந்தே கொடுத்தாரா...

"அப்ப பத்து வருசம் இல்லீங்களாண்ணா?" தீர்த்தகிரி முகம் தெளிந்துவிட்டது. "அப்ப ஸ்டேஷன் வேணாங்ணா, கீழ பஸ் ஸ்டாப்புல எறக்கி வுட்டுடுங்க, ஓமலூர்ல மச்சான் வூடு இருக்குது, போயிருவன்." பத்து வருஷம் இருந்திருந்தால் ஸ்டேஷனுக்கு வந்திருப்பான், இல்லையென்றதும் மச்சான் வீட்டுக்குப் போகிறான், எங்கேயோ டெல்லியில் சொல்லாமல் விட்ட தேதி இவனை எந்தப் பக்கம் இறக்கிவிடுகிறது பார். ஆனால் ஸ்டீரிங் என் கையில் அல்லவா இருக்கிறது...

"யாரு மாமா அது பக்கத்துல?" போன் வைக்கவே இல்லை, கவி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தீர்த்தகிரி போனைத் தள்ளிப் பிடித்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அண்ணா, யாரா இருந்தாலும் சொல்றன், பத்து இல்லேன்னா சும்மா வுட்டுருவாங்கன்னு இல்லீங்க. உயிர் போயிருந்தா அஞ்சு வருசம் வரைக்கும் இருக்குது. போலீசுக்குச் சொல்லாம போறதும் குத்தந்தான்." அப்புறம் கேட்டாள். "அடிபட்டவங்க எப்பிடி இருக்காங்க?"

தீர்த்தகிரி என்னைப் பார்த்தான். நான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், மேல் வளைவு எப்போதோ மறைந்துவிட்டது, ஒரு வண்டியும் வரவில்லை, அங்கே எல்லாம் நின்றிருக்கும். எந்தச் சபை, யார் கையெழுத்து, யார் கையில் தேதி என்று இவ்வளவு நேரம் எத்தனை கேட்டேன்... "ஆம்பளயா பொம்பளயா?" என்றேன் அவனிடம். "ஹெல்மெட்டுங்ணா... தெரீல. திரும்பிப் பாக்கல." கையாவது அசைந்ததா? தெரியவில்லை. யாராவது 108-க்குப் போட்டிருப்பார்கள், அங்கே சனம் இருக்கிறதே, போட்டிருப்பார்கள்... போட்டிருப்பார்களா, அல்லது அவர்களும் எங்களைப் போல வேறொருவர் போட்டிருப்பார் என்று... வண்டியை ஓரம் கட்டினேன். "ஹலோ? மாமா?" என்கிறாள் கவி, போன் இன்னும் தீர்த்தகிரி கையில்தான் இருக்கிறது, மேலேயிருந்து ஓடி வந்தபோது அவன் சட்டைப் பையிலும் ஒன்று இருந்திருக்கிறது, இரண்டிலிருந்தும் 108-க்குப் போடவில்லை, அது இப்போதுதான் என் கண்ணில் படுகிறது.