ஆர்வில் டெஸ்மர் பேசாமல் இருந்த பதினொரு நிமிடங்கள்

ஒலிபரப்பு அறைக்குள் போகுமுன் ஆர்வில் டெஸ்மரின் சாவிக்கொத்தை நான் வாங்கி வைத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் பேசும்போதெல்லாம் அதைக் குலுக்குவார். அந்தச் சத்தம் ஒலிபரப்பில் கலந்து ஏரிக்கரை ஊர்கள் முழுக்கக் கேட்கும். அமெரிக்காவின் வடக்கே டுலூத் நகர வானொலி நிலையத்தில் அப்போது நான் ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பல்கலைக்கழகத்தில் இசை வரலாறு கற்பித்தவர். ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் எங்கள் நிலையத்தில் இசைத்தட்டு போட்டு விளக்கம் சொல்வார். சுரங்கத்தில் மண் வெட்டுகிறவனுக்கும் ஹைடனின் இசை புரிய வேண்டும் என்பது அவருடைய வெறி.

நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தது ஒரு ரொட்டி நிறுவனம். பல்கலைக்கழகத்தில் சக ஆசிரியர்கள் அவருக்கு 'ரொட்டிப் பேராசிரியர்' என்று பட்டம் கட்டியிருந்தார்கள். பதவி உயர்வு இரண்டு முறை கைநழுவிப் போயிருந்தது. அதையெல்லாம் அவர் காதில் வாங்கவில்லை. ஆனால் ஒரு பயம் அவரை விடவில்லை: கேட்கிறவர்கள் சலித்துப்போய் ரேடியோவை அணைத்துவிடுவார்களோ? அதனால் இசை ஓடும்போதே குறுக்கே பேசுவார். "இதோ வருது பாருங்க! இப்ப வயலின் கோவிச்சுக்கிட்டுப் போகுது!" மெதுவான பகுதி வந்தால் இன்னும் மோசம்; மூச்சு விடாமல் பேசுவார்.

ஐம்பத்தெட்டாம் வருடம் மார்ச் மாதம் எவலத் என்ற சுரங்க ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் ஐலி கோஸ்கலா, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். மூன்றே வரி. 'ஆறு நாள் யந்திரச் சத்தத்துல நிக்கிறேன். ஏழாவது நாள் உங்க சத்தம். கொஞ்சம் வாயை மூடினா அந்த செல்லோ வாசிப்பைக் கேட்டுடுவேன்.'

ஆர்வில் அதைப் பத்துத் தடவை படித்தார். மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். "இவளுக்கு என்ன தெரியும்?" என்றார். பிறகு என்னிடம், "வெர்னா, சனிக்கிழமை எவலத்துக்கு வண்டி எடுக்கிறியா?" என்றார். அவர் ஓட்டினால் பேச்சு சுவாரசியத்தில் பள்ளத்தில் இறக்கிவிடுவார்.

கதவைத் திறந்த ஐலிக்கு ஐம்பது வயதிருக்கும். கைகள் வெந்நீரில் ஊறிச் சிவந்திருந்தன. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதானா? ரேடியோல குண்டாத் தெரிஞ்சீங்க."

காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் வந்தன. ஆர்வில் ரொட்டியைத் தொடவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நடுவுல நான் பேசலைன்னா ஜனங்க அணைச்சிடுவாங்கம்மா."

"யாரு சொன்னா?"

"பத்து வருஷ அனுபவம்."

"எங்க யாரையாச்சும் கேட்டீங்களா?" என்றாள் ஐலி. "என் வீட்டுக்காரர் போய் மூணு வருஷம் ஆச்சு. பேச்சுத் துணைக்கு இந்தத் தெருவே வருது. நான் ரேடியோ போடறது அதுக்கில்ல. நாங்க ஓடிடுவோம்னு பயப்படறீங்க, சார். நாங்க எங்க ஓடப்போறோம்? வெளியில பனி இடுப்பளவு கிடக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

மறுநாள் நிகழ்ச்சியில், நான்கு பேர் வாசிக்கும் ஒரு தந்தி வாத்திய இசையின் மெதுவான பகுதியை எடுத்தார். "இது பதினோரு நிமிஷம். நான் குறுக்கே வரமாட்டேன்," என்று சொல்லிவிட்டு ஒலிவாங்கியை அணைக்கச் சொன்னார். இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார். கால் ஆடியது, விரல் மேசையைத் தட்டியது. சட்டென எழுந்து வெளியே போனார். கோட்டுகூடப் போடாமல் அவர் பனியில் முன்னும் பின்னும் நடப்பதைக் கண்ணாடி வழியே பார்த்தேன்.

அதற்குள் தொலைபேசி அலற ஆரம்பித்தது. "டெஸ்மருக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் ஒருவர். "அந்த ஆளு இல்லாம இது யாருக்கு வேணும்?" என்றார் இன்னொருவர். நிலைய மேலாளர் ஹாக்லுண்ட் வீட்டிலிருந்தே ஓடி வந்தார்.

"ஆர்வில், இவங்க உன் பேச்சுக்காகத்தான் கேக்கறாங்க. ரொட்டிக்காரன் காசு குடுக்கறதும் அதுக்குத்தான். அடுத்த வாரம் பேசற, இல்லேன்னா போற."

ஆர்விலின் உதடு நீலம் பாரித்திருந்தது. "அப்ப பத்து வருஷமா அவங்களை நான் எதைக் கேக்க வெச்சேன், ஹாக்லுண்ட்?" என்றார்.

அடுத்த வாரமும் முன்னுரை மட்டும் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். ரொட்டி நிறுவனம் விலகியது. ஹாக்லுண்டுக்கு அவரை அனுப்ப மனம் வரவில்லை; நிகழ்ச்சியை அரை மணியாகக் குறைத்து, காலை ஆறரைக்குத் தள்ளினார். கேட்டவர்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது, எஞ்சியவர்கள் நிலைத்தார்கள். பதின்மூன்று வருடம் அந்த நேரத்திலேயே நடந்தது. மழையோ பனியோ, இசை ஓடும்போது அவர் உள்ளே இருந்ததில்லை. பல்கலைக்கழகம் கடைசிவரை அவரைப் பேராசிரியராக்கவில்லை.

நிகழ்ச்சி நின்றுபோன மறு வருடம் எவலத் சுரங்கத் தொழிலாளர் சங்கக் கூடத்தில் ஒரு கச்சேரி. ஐலியும் சலவைக்கூடப் பெண்களும் சேர்ந்து, மினியாபொலிஸ் நகரத்திலிருந்து நான்கு வாத்தியக்காரர்களை வரவழைத்திருந்தார்கள். நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். ஆர்வில் மூன்றாம் வரிசையில் என் பக்கத்தில் இருந்தார். யாரும் அவரை மேடைக்குக் கூப்பிடவில்லை, அறிமுகமும் செய்யவில்லை. முதன்முறையாக முழுக் கச்சேரியையும் எழுந்து போகாமல் கேட்டார். நாற்காலிதான் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

திரும்பும் வழியில் முப்பது மைல் வரை வாய் திறக்கவில்லை.

"ஒருத்தர்கூட என்னைப் பேசச் சொல்லலையே, வெர்னா?"

"இல்ல."

"நல்லதுதான்," என்றார். பிறகு, "ஆனா அந்த ரெண்டாவது பாகத்துக்கு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்..." என்று ஆரம்பித்தார்.

டுலூத் வரும்வரை அவர் நிறுத்தவில்லை.