அக்காவின் ஐசி

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மத்தியானம் எஸ்டேட் மேனேஜர் வந்து, பின்னாலுள்ள மேட்டில் மண் சரிகிறது, கீழ் லயத்து வீடுகளில் ஒருவரும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். சொந்தக்காரர் இல்லாதவர்களுக்குப் பள்ளிக்கூட மண்டபம். இராசம்மா மண்டபத்துக்கே போயிருப்பாள். ஆனால் அதற்குள் ரிங்லெட் டவுனிலிருந்து அக்கா சசிரேகா தன் மகன் தனேஸை லோரியோடு அனுப்பிவிட்டாள். வாசலில் வந்து நிற்கிற வண்டியைத் திருப்பி அனுப்ப யாருக்கு வாய் வரும்?

இராசம்மா வளர்த்த குகன் லோரியில் முன்னால் ஏறவில்லை. மூட்டை முடிச்சுகளோடு பின்னால் உட்கார்ந்து, கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே வந்தான். வயது முப்பத்தொன்று, பிடிவாதம் மட்டும் பத்து வயதுப் பயலுக்கு உள்ளது. சசிரேகா வீட்டு வாசலை மிதித்து வருஷக்கணக்காகிவிட்டது அவனுக்கு.

அவனுக்குத் தெரிந்த கதை இதுதான். பெற்றவள் சசிரேகா. மூத்தவன் தனேஸைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இவனைப் பிள்ளையில்லாத தங்கைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். பிறப்புப் பத்திரமும் அதையேதான் சொன்னது. அதனால் வளர்த்த இராசம்மா அவனுக்குச் சின்னம்மா. ஆறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன அவள் புருஷன் மாடசாமி சின்னப்பா.

அத்தனையும் பொய். பெற்றவள் இராசம்மாதான்.

இராசம்மா, அக்காவைப் போல ஆஸ்பத்திரியில் பிறக்காமல், லயத்து வீட்டிலேயே பிறந்தவள். அதைப் போய்ப் பதிய ஒரு நாள் வேலையை விட அவள் அப்பனுக்கு மனசு வரவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றான் மனுஷன். அந்த அப்புறம் வரவே இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் ஐசி என்கிற அடையாள அட்டை இல்லை. ஐசி இல்லாததால் கோயிலில் கட்டிய தாலியைப் பதிய முடியவில்லை. அவள் வயிற்றில் பிறக்கிற பிள்ளைக்கும் அதே கதிதான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். அதனால் வலி வந்ததும் அக்காவின் ஐசியைக் காட்டி, அக்காவின் பெயரில் ஆஸ்பத்திரியில் படுத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே முகச்சாடை. நர்ஸ் படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், கட்டிலைக் காட்டினாள். அவ்வளவுதான். மறுமாசமே புருஷனும் பெண்டாட்டியும் வேறு எஸ்டேட்டுக்கு மாறி, அக்கா கொடுத்த பிள்ளை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்கள்.

வெளியே தெரிந்தால் பிள்ளையின் ஐசியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம். பயந்து பயந்து அதுவே பழகிப்போயிற்று.

கிறிஸ்துமஸ் அன்று காலை மேலே போகிற ரோடும் கீழே போகிற ரோடும் மண் விழுந்து அடைபட்டன. குகனுக்கு ஓட இடமில்லை. புருஷன் போனபின் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்ட சசிரேகா, கோயிலுக்குப் போய் வந்து, கோழிக்கறி ஆக்கி, எல்லோருக்கும் பலகாரம் எடுத்து வைத்தாள். பிறகு தனேஸுக்கு ஒன்றும் குகனுக்கு ஒன்றுமாகப் புதுச்சட்டை நீட்டினாள்.

“ஒனக்குத்தான்யா. சைஸு சரியா இருக்கா பாரு.”

குகன் கையை நீட்டவில்லை. “பொறந்ததுமே தூக்கிக் குடுத்தாச்சு. இப்ப என்னா சட்ட வேண்டிக் கெடக்கு?”

“டேய், பெருநாளும் அதுவுமா ஏன்டா?” என்றான் தனேஸ்.

“நீ பேசாத லா. ஒன்ன வச்சிக்கிட்டாங்க, ஒனக்கு என்னா தெரியும்? என்னய ஏன் குடுத்தாங்கன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லட்டும். அப்பறம் கேக்கவே மாட்டேன்.”

சசிரேகா சட்டையை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். பழியைச் சுமக்கிறவள் தங்கையின் பக்கம் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்; பார்க்கவில்லை. இராசம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

“அவள ஏசாதடா,” என்றாள். “ஒன்னயப் பெத்தவ நான்தான்.”

சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. ஐசி, ஆஸ்பத்திரி, எஸ்டேட் மாறியது, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். குகன் எழுந்து போய்ச் சசிரேகாவின் காலடியில் உட்கார்ந்தான். “மன்னிச்சிக்குங்க பெரியம்மா,” என்றான். சசிரேகா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்து நம்மிடம்தான் வருவான், அம்மா என்று கூப்பிடுவான் என்று இராசம்மா காத்திருந்தாள். பெற்ற வயிறு, எதிர்பார்க்காதா?

“அப்ப செத்துப்போன சின்னப்பாதான் எங்கப்பாவா?” என்று கேட்டான் குகன்.

அவள் தலையாட்டினாள்.

“வளத்தவருக்கு நானே கொள்ளி வக்கிறேன்னு கேட்டேன். பெத்த புள்ள இல்லாட்டி அண்ணன் மகன்தான் வக்கணும்னு மகேன் கையில குடுத்தாங்க. என்னய ஓரமா நில்லுன்னாங்க. நீ பக்கத்துலதான நின்ன?”

“அம்புட்டு சனம் நின்னுச்சுய்யா... பயந்துட்டேன்.”

“காதோட சொல்லியிருக்கலாமுல்ல? எங்கப்பா செத்ததே எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது.”

அம்மா என்ற ஒரு சொல்லைத் தான் இழந்ததை நினைத்துத்தான் இத்தனை வருஷமும் இராசம்மா அழுதிருக்கிறாள். அவனும் எதையோ இழந்துகொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

குகன் தனேஸிடம் கத்தரிக்கோலும் பிளேடும் வாங்கிக்கொண்டு பின்கட்டுக் குழாயடிக்குப் போனான். முதலில் மீசையை எடுத்தான். பிறகு தலையைக் குனிந்து கொடுத்தான். தனேஸ் மழிக்க ஆரம்பித்தான். சசிரேகா ஓடிப்போய் இரண்டு பேருக்கும் மேலே குடையைப் பிடித்தாள்.

இராசம்மா கதவோரமே நின்றாள். வா என்று அவன் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பாதித் தலை மழித்திருந்தபோது, புருஷன் அன்றுதான் செத்தவன் போல அவள் வாய்விட்டு அழுதாள்.