திரை "மேலே" என்றது

அட்டை வெட்டும் இயந்திரத்தின் சர்வோ மோட்டார் புகைந்து போனதும் முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். புதுசு வந்து சேர மூன்று வாரமாம். "அதுவரைக்கும் எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரவா?" என்று ஃபிட்டரைப் பிடித்துக்கொண்டார்.

ஃபிட்டருக்கு மோட்டார் வேலை தண்ணீர் பட்ட பாடு. அலமாரியில் இரண்டு கிடந்தன. ஒன்று சாதா டி.சி. மோட்டார். கரண்ட் கொடுத்தால் சுற்றும். எங்கே நிற்கிறோம் என்ற கவலையே அதற்குக் கிடையாது. இன்னொன்று ஸ்டெப்பர். நூறு அடி வை என்றால் எண்ணி நூறு வைக்கும். நடுவில் எதுவோ மறித்துப் பத்து தவறினாலும் அதற்கும் தெரியாது, இயந்திரத்தின் திரைக்கும் தெரியாது. சர்வோவுக்கு மட்டும்தான் பின்பக்கம் ஒரு கண் உண்டு. சொன்ன இடத்துக்கு வரமுடியாவிட்டால் சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிடும்.

வேறு வழி தெரியாமல் ஸ்டெப்பரைப் பொருத்தினார்.

அந்த இயந்திரத்தை ஓட்டுபவன் அவருடைய தங்கை புருஷன். ஒன்பது வருஷப் பழக்கம் அவனுக்கு. கத்தி மூடிக்குள் இருக்கும், வெளியே தெரியாது. சிவப்பு எரியாமல் திரை "மேலே" என்று காட்டினால் போதும், தைரியமாகக் கையை விட்டுத் துண்டுகளை எடுப்பான்.

அன்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "பழசு மாதிரியே ஓடுதே! கில்லாடி மச்சான் நீங்க!" என்றான். மற்ற நாட்களில் "மோட்டார் டாக்டர்" என்று கிண்டலடிக்கிறவன் அவன். ஒட்டுவேலை என்று சொல்லத்தான் ஃபிட்டர் வாயெடுத்தார். ஆனால் அந்தப் பாராட்டு இனித்தது. பாழாய்ப்போன இனிப்பு! அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

நான்காம் நாள் நனைந்த அட்டையில் கத்தி பாதியில் மாட்டிக்கொண்டது. ஸ்டெப்பர் முனகியதே தவிர கத்தி ஏறவில்லை. திரை "மேலே" என்றது. அவன் கையை விட்டு அட்டையை இழுத்தான். பிடி விட்டதும் கத்தி இறங்கியது. வலது கையில் மூன்று விரல் போயிற்று.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். மோட்டாரில் கோளாறு இல்லை, ஓட்டியவரின் கவனக்குறைவு என்று அதில் இருந்தது. "கையெழுத்துப் போட்டுடுங்க. உங்க வேலையாவது மிஞ்சும்." ஃபிட்டர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"வா அண்ணா," என்று தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நான்தான் அசந்துட்டேன் மச்சான்," என்றான் அவன். "ஆனா சிவப்பு எரியலையே? அதுதான் புரியல. ராத்திரி பூரா அதையே யோசிச்சேன்."

ஃபிட்டர் உட்காரவில்லை. தாளை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"அது எரியாது மாப்ள. நான் மாட்டினது வேற மோட்டாரு. கத்தி மாட்டிக்கிட்டா அதுக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருந்தது."

தங்கையின் கை நாற்காலி முதுகிலேயே நின்றுவிட்டது.

அவன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். கத்தினால்கூடத் தேவலை என்றிருந்தது ஃபிட்டருக்கு.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா," என்றான் மெதுவாக, "மூடியைத் திறந்து பார்த்திருப்பேனே மச்சான்."