பனிச்சிறுத்தை அரசனும் பக்கத்தொட்டி மோட்டார் சைக்கிளும்

பனிச்சிறுத்தை அரசன் ஒருவன். பகலில் மனிதன், பௌர்ணமியில் மிருகம். வயது எழுநூறு, பார்க்க இருபத்தெட்டு. எழுநூறு வருஷம் உருப்படியாக ஒரு வேலையும் செய்ததாகத் தெரியவில்லை. கண் மட்டும் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை நிறம் மாறும். இந்தக் கண்றாவியைத்தான் பிஷ்கேக்கில் எங்கள் தையல் பட்டறையில் பதினொரு பெண்கள் டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் அங்கே துணி வெட்டுகிறவள். பெயர் ஷார்கான், வயது ஐம்பத்தொன்று. புத்தகம் நானூற்றுச் சொச்சம் பக்கம். ஒருத்தி படித்து முடிக்கும்வரை இன்னொருத்திக்குப் பொறுக்காது என்று அதை மூன்றாக அறுத்தார்கள். கத்திரி என்னுடையது. அந்தப் புத்தகத்துக்கு நான் மனமார உதவியது அந்த ஒரு தடவைதான்.

டீ நேரத்தில் சத்தமாக வாசிக்கிறவள் ஜாஸ்குல். இருபது வயது, ஓரம் அடிக்கிற மிஷினில் வேலை. அப்பா அம்மா மாஸ்கோவில் கூலி வேலைக்குப் போய் ஆறு வருஷமாகிறது. "எங்க பொண்ண நீங்கதான் பாத்துக்கணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நல்ல பெண்தான். வாசிக்கும்போது மட்டும் குரல் குழைந்துவிடும்.

"'அவன் அவளைக் குதிரையில் தூக்கிப் போட்டான். அவள் இதயம் பறவையாய்ப் படபடத்தது...'"

"குதிரை முதுகுல குப்புறப் படுத்துப் பாருடி," என்றேன். "படபடக்கிறது இதயமில்ல, குடல்."

"உங்களுக்குப் பொறாமை அக்கா."

"அந்த மிருகத்துக்குத் துணி துவைக்கிறது யாரு? பௌர்ணமிக்குப் பௌர்ணமி முடி கொட்டுமே, கூட்டுறது யாரு? அதை அந்தப் புத்தகக்காரி எழுதினாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வழக்கம்போல ஆரம்பித்தார்கள். "அப்ப உங்க கதையைச் சொல்லுங்க. அது நிஜக் கதையாச்சே!"

என் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அன்றும் சொன்னேன். எனக்குப் பத்தொன்பது வயது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன். சைடுகார் என்கிற பக்கத்தொட்டி வைத்த மோட்டார் சைக்கிளில் என் வீட்டுக்காரர் தொக்தோசுன் வந்தார், கூட இரண்டு சேக்காளிகள். என்னைத் தூக்கித் தொட்டியில் வைத்துக்கொண்டு பறந்தார்கள். 'பொறுக்க முடியல ஷார்கான், நீ இல்லாம நான் செத்துடுவேன்' என்றார். வீட்டுக்குள் போனதும் அவர் அத்தை வெள்ளைத் துணியைத் தலையில் போட்டாள். போடவிட்டால் கல்யாணத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். "நான் ஒரு சொட்டு அழல. சிரிச்சுக்கிட்டே தலையக் குனிஞ்சேன்," என்று முடித்தேன். "இதுல சிறுத்தையும் இல்ல, மந்திரமும் இல்ல. இதுதான் காதல்."

பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். கடையிலிருந்து துணிச் சுருள் கொண்டுவரும் எர்மெக் தோளில் சுருளோடு வாசலில் நின்று முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஜாஸ்குல் மேல் அவனுக்கு ஒரு கண் என்பது பட்டறைக்கே தெரியும். பேச வாய் வராது. சுருளை இறக்கி வைப்பான், காது சிவப்பான், போவான்.

அடுத்த வியாழக்கிழமை ஜாஸ்குல் வேலைக்கு வரவில்லை. பதினோரு மணிக்கு மாஸ்கோவிலிருந்து அவள் அம்மா போன் செய்தாள்.

"அவளைத் தூக்கிட்டுப் போயிட்டாங்களாம் அக்கா. கெமின் பக்கத்துல ஏதோ கிராமம். பையன் பேரு எர்மெக்காம்."

"நம்ம எர்மெக்கா?"

"குடிக்க மாட்டான், சொந்த வேன் இருக்குன்னு பையன் வீட்ல சொன்னாங்க. எங்களால வர முடியாது. எங்க சார்பா நீங்க போங்க. இந்நேரம் துணியைத் தலையில போட்டிருப்பாங்க. நல்லபடியா பேசி முடிச்சிட்டு வாங்க. திரும்பி வந்த பொண்ணுன்னு பேரு வேண்டாம் அக்கா."

டாக்சி பிடித்துக் கிளம்பினேன். வழி முழுக்க எனக்கு எரிச்சல்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது அந்தப் புத்தகம். 'தூக்கிப் போக ஒருத்தன் வர மாட்டானா' என்று கண் சொருகி வாசித்தவளாயிற்றே, வந்துவிட்டான், காது சிவந்த சிறுத்தை. இந்நேரம் கல்யாணத் திரைக்குப் பின்னால் மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, ஆசீர்வாதம் பண்ணி, கறி தின்றுவிட்டு வர வேண்டியதுதான்.

எர்மெக் வீட்டு முற்றத்தில் ஆடு உரித்துக் கிடந்தது. உள்ளே போர்சோக் ரொட்டி பொரிக்கிற எண்ணெய்ப் புகை. எர்மெக்கின் பெரியத்தை உல்கான் பல் முழுக்கத் தங்கமாக ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"வாங்க சம்பந்தி! பொண்ணு கொஞ்சம் முரண்டு. எல்லாரும் அழுதுட்டுத்தானே வந்தோம்? அழுது வந்தவதான் நல்லா வாழ்வா."

மூலையில் திரை கட்டியிருந்தது. விலக்கினேன். நாலு பெண்களுக்கு நடுவில் ஜாஸ்குல். சட்டைக் கை தோளோடு கிழிந்திருந்தது. முழங்கையில் நகக் கீறல். வெள்ளைத் துணி அவள் தலையில் இல்லை. ஒரு முனையைக் கடித்து முறுக்கி, முஷ்டிக்குள் வைத்திருந்தாள். இரவு பூராவும் போடவிடாமல் போராடியிருக்கிறாள். மகாராணியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

எர்மெக் என் பின்னால் வந்து நின்றான். முகம் முழுக்கப் பல்.

"அக்கா, நீங்க சொன்னபடியே செஞ்சேன். பஸ் ஸ்டாப்புல வச்சுத்தான். கூட ரெண்டு சேக்காளிங்க. 'நீ இல்லாம செத்துடுவேன்'னும் சொல்லிட்டேன். பக்கத்தொட்டி வண்டிதான் கிடைக்கல, வேன்லயே கூட்டிட்டு வந்துட்டேன்."

சிறுத்தையைப் படித்துவிட்டு வரவில்லை இவன். என்னைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறான்.

ஜாஸ்குல் அண்ணாந்து என்னைப் பார்த்தாள். குரல் கம்மிப்போயிருந்தது.

"அக்கா, நீங்க ஒரு சொட்டு அழலைன்னு சொன்னீங்களே. எப்படி அக்கா? எனக்கும் சொல்லிக்குடுங்க. என்னால முடியல."

கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே கேட்டாள்.

"பொய்," என்றேன்.

"என்னது?"

"நான் சொன்னது அத்தனையும் பொய்டி. அழுதேன். மூணு நாள் அழுதேன். ஜன்னல் வழியா குதிச்சேன், காலைப் பிடிச்சு உள்ள இழுத்தாங்க. எங்கப்பா வந்தார். கூட்டிட்டுப் போவார்னு நெனச்சேன். 'இங்கேயே இரு, மானத்தை வாங்காதே'ன்னு சொல்லிட்டு, கறி தின்னுட்டுப் போனார்."

நாலு பெண்களில் ஒருத்தி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். உல்கான்தான் முதலில் சுதாரித்தாள்.

"சமாதானம் பேச வந்தவ பேசற பேச்சா இது?"

"எந்திரிடி," என்று ஜாஸ்குலின் கையைப் பிடித்தேன். "டாக்சிக்காரன் வாசல்லதான் நிக்கிறான். பத்து நிமிஷத்துல நாங்க வரலைன்னா போலீசுக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கேன். இவன் உள்ள போனா வேனை யார் ஓட்டுவீங்கன்னு முடிவு பண்ணிக்குங்க."

டாக்சிக்காரனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பொய் சொல்லிப் பழகியவள்தானே, அது சரளமாக வந்தது.

உல்கான் சட்டென்று போய் வாசற்படிக்குக் குறுக்கே படுத்துக்கொண்டாள். அதுதான் எங்கள் பக்கத்துக் கடைசி ஆயுதம். மூத்த பெண்ணைத் தாண்டிப் போகிறவளுக்குச் சாபம், வயிறு திறக்காது, வாழ்வு விளங்காது. ஜாஸ்குல் நின்றுவிட்டாள். இரவு பூராவும் மல்லுக்கட்டியவள், கிழவியின் முதுகைக் கண்டு பின்வாங்கினாள். என்னைத் தூக்கிவந்த அன்று நானும் இப்படி ஒரு முதுகுக்கு முன்னால்தான் நின்றேன்.

"தாண்டினா விளங்க மாட்டே!" என்று தரையிலிருந்து கத்தினாள் உல்கான்.

"தாண்டாத நான் மட்டும் விளங்கிட்டேனா?" என்று முதலில் நான் தாண்டினேன். பிறகு அவளை இழுத்தேன். எர்மெக் தடுக்கவில்லை. எங்கே தப்பு நடந்தது என்று புரியாமல் காது சிவக்க நின்றான். அவனைப் பார்த்தால் பாவமாக இருந்தது என்று எழுத மாட்டேன். இல்லை.

டாக்சியில் ஏறினோம். ஜாஸ்குல் பையைத் திறந்து எதையோ எடுத்தாள். அறுத்த புத்தகத்தின் மூன்றாம் துண்டு. போனைப் பிடுங்கியவர்கள் இதை விட்டுவைத்திருக்கிறார்கள்.

"அந்தச் சனியனைத் தூக்கி வெளிய எறி," என்றேன்.

"இதுல அவன் கேக்குறான் அக்கா."

"என்னத்தைக் கேக்குறான்?"

"'போறியா, இருக்கியா'ன்னு. கோட்டை வாசலைத் திறந்து வச்சுட்டு மூணு தடவை கேக்குறான். 'போறேன்'னு அவ சொல்றா. அவனே குதிரையில ஏத்தி வீட்ல கொண்டுபோய் விட்டுட்டு வர்றான். அதுக்கப்புறம் அவளாத்தான் திரும்பி வர்றா." மூக்கை உறிஞ்சினாள். "நீங்கதான் ஒரு நாளும் கடைசிவரைக்கும் உக்காந்து கேட்டதில்லையே."

எழுநூறு வயது மிருகத்துக்கு இருந்த அறிவு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜாஸ்குலை அவள் தங்கியிருந்த அறையில் விட மனசில்லை. என் வீட்டுக்கே கூட்டிவந்து என் மகள் வீட்டில் இருந்தபோது படுத்த கட்டிலில் படுக்கவைத்தேன். தொக்தோசுன் மேஜையில் டீயோடு உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவரிடம் கேட்டேன்.

"என்னைத் தூக்கிட்டு வந்தீங்களே. இருக்கியா, போறியான்னு ஏன் கேக்கல?"

நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"எதுக்குக் கேக்கணும்? இந்தப் பொண்ணு மாதிரியா நீ? நீதான் ஒரு சொட்டு அழலையே. சிரிச்சுக்கிட்டே தலையக் குனிஞ்சியே."

"ஜன்னல்லேர்ந்து குதிச்சேன்."

"நீயா? போடி, எந்தப் புத்தகத்துல படிச்ச?"

குதித்த என் கணுக்காலைப் பிடித்து உள்ளே இழுத்தது இதே கைதான். இப்போது அது நிதானமாக ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. ஊரில் எந்தக் கல்யாணத்தில் நான் என் கதையைச் சொன்னாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் அவர். என்னைவிட நன்றாக நம்பியிருக்கிறார்.

"ஆறிப்போச்சு, இன்னொண்ணு ஊத்து," என்று கோப்பையை நீட்டினார்.

"நீங்களே ஊத்திக்குங்க," என்று சொல்லிவிட்டு, ஜாஸ்குலிடம் புத்தகத்தின் அந்த மூன்றாம் துண்டை வாங்கிவர உள்ளே போனேன்.