ஜன்னலில்லாத அறைக்கு இளம்பச்சை

என் அறையைக் குளியலறையாக மாற்றுகிறார்கள் என்று அம்மா போனில் சொல்லவில்லை. லேப் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தேன். நான் வேலை பார்க்கும் லேப்பில் ரத்தப் பரிசோதனைக்குப் புது மெஷின் வந்திருந்தது. பெட்டியோடு திரும்பி வந்தபோது என் மேசை ஹாலில் சுவரோரம் நின்றது. அதன் மேல் டிவி ரிமோட்டும் அண்ணனின் ஹெல்மெட்டும் கிடந்தன. புத்தகங்கள் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. அண்ணனின் படுக்கையறைச் சுவரை உடைத்து என் அறைக்குள் போக ஒரு கதவு வைத்திருந்தார்கள். என் பழைய கதவை அடைத்துப் பூசிவிட்டார்கள். ஜன்னலையும்.

"சின்ன ரூம்தானே. பகல் பூரா லேப்ல இருக்கே. அம்மாகூடப் படுத்துக்க," என்றான் அண்ணன்.

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். எனக்குப் பேச வராது. கோபம் வந்தால் சுத்தமாக வராது. வீட்டில் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். அந்த அறையில் உட்கார்ந்துதான் படித்துப் பட்டம் வாங்கினேன். கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். உலகத்தில் எனக்கு அப்படி ஓர் இடம்தான் இருந்தது. இப்போது என் தலையணை இருந்த இடத்தில் வாஷ்பேசினும் அதற்கு மேலே ஒரு கண்ணாடியும் இருந்தன.

பாதிச் சுவர் வரை வெள்ளை டைல்ஸ். அதற்கு மேலே பெயிண்ட் அடிக்க வேண்டும். அண்ணிக்கு இளம்பச்சை வேண்டும்.

"எந்த இளம்பச்சைன்னு இவதான் சொல்லணும். இவ சொல்றதுதான்," என்றாள் அண்ணி, என் தோளில் கை வைத்து.

எனக்கு உடம்பு எரிந்தது. அறையைப் பிடுங்கிக்கொண்டு நிறத்தை மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்கிறாளாம்.

மூன்று பேரும் பெயிண்டுக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஷேடு கார்டை விசிறி மாதிரி விரித்தார். பச்சையிலேயே இத்தனை பச்சை இருப்பது அண்ணனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"எல்லாம் ஒண்ணுதானே?" என்றான்.

"உங்களுக்கு எல்லாமே ஒண்ணுதான். இது ஆஸ்பத்திரித் திரைச்சீலை. இது பல்பொடி. இது பாருங்க, அழுகிப்போன வெள்ளரிக்காய்," என்றாள் அண்ணி. கார்டை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போனாள். "வெளிச்சத்துல பாத்தாத்தான் நிறம் தெரியும்."

வெயிலில் கார்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கட்டைவிரல் அகலக் கட்டத்தை, நல்ல வெயிலில், ஜன்னலே இல்லாத ஓர் அறைக்காக. அந்தக் கண்ணாடிக்கு மேலே ஹோட்டல் மாதிரி இருக்கட்டும் என்று அண்ணன் மஞ்சள் பல்பு மாட்டியிருந்தான். நான் மனத்துக்குள் அந்த அறைக்குப் போய், பல்பைப் போட்டுக்கொண்டு நின்று பார்த்தேன். ஒளி சுவரில் பட்டு முகத்தில் விழும். பச்சைச் சுவர் சிவப்பைத் தானே வைத்துக்கொண்டு பச்சையைத் திருப்பி அனுப்பும்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று சாம்பல் கலந்தது, அடக்கமானது. இன்னொன்று மஞ்சள் கலந்தது, தளிர் மாதிரி. வெயிலில் அது சிரித்தது.

"நீ சொல்லு," என்றாள் அண்ணி.

நான் தளிரைத் தொட்டேன்.

"நாலு சுவத்துலயும் அடிச்சா இது கொஞ்சம் தூக்கலாத் தெரியும்மா. சின்ன டப்பா வாங்கிட்டுப் போய் ஒரு கை அடிச்சுப் பாருங்க," என்றார் கடைக்காரர்.

"அதெல்லாம் வேணாம்ங்க. எங்க வீட்டு விஞ்ஞானியே சொல்லியாச்சு," என்றான் அண்ணன். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அட, ஊமைக்கோட்டான் சிரிக்குது!" என்றான்.

அண்ணிக்கு ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்பு கவுன்ட்டரில் வேலை. தினமும் காலையில் அந்தக் கண்ணாடி முன்னால்தான் முகத்துக்குப் போட்டுக்கொள்வாள். பெயிண்ட் காய்ந்த மறுநாளே அம்மாவிடம் வந்து நின்றாள்.

"அத்தே, நான் வெளுத்துப் போயிட்டேனா?"

"சரியாச் சாப்பிட்டாத்தானே," என்றாள் அம்மா.

அடுத்த நாள் கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு கூடியது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். உள்ளே கண்ணாடியில் அது அளவாகத்தான் தெரிந்திருக்கும். தெருவில் இறங்கும்போது இரண்டு கன்னத்திலும் யாரோ அறைந்தது மாதிரி இருந்தாள். நான் ஹாலில் என் மேசையில் உட்கார்ந்து காபி குடித்தபடி அவள் போவதைப் பார்ப்பேன். காபி ருசியாக இருக்கும்.

"கூட வேலை பாக்குற ஒருத்தி, நாடகத்துல சேந்துட்டீங்களான்னு கேக்குறா," என்று அண்ணி ஒருநாள் சொன்னாள். அண்ணன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தான். நான் காபியை முடித்தேன்.

பிறகு ஒருநாள் சாயங்காலம் சீக்கிரமே வந்துவிட்டாள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மேசைக்கு எதிரே நின்றாள்.

"என்னைக் கவுன்ட்டர்லேருந்து எடுத்துட்டாங்க. கொஞ்ச நாள் உள்ள உக்காருன்னு மேனேஜர் சொல்லிட்டார். ஏன்னு புரியல. லிஃப்ட்டுல ஏறினேன், அங்க கண்ணாடி இருந்துச்சு, பாத்தேன். குரங்கு மாதிரி இருக்கேன். காலைல வீட்டுல பாத்தப்ப அப்படியில்ல." என்னையே பார்த்தாள். "நீ தெரிஞ்சேதான் அந்தக் கலரைச் சொன்னியா?"

"ஆமா."

அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து ஒரு சொல் எனக்கு வந்ததில்லை. அதன் பின்னாலேயே மற்றதும் வந்தது. "ஜன்னலை அடைச்சுட்டீங்க. சுவர்ல இருக்கிற பச்சை பூரா உங்க மூஞ்சிலதான் விழும். சிவப்பு தெரியாது. நீங்க பூசிக்கிட்டே இருப்பீங்கன்னு தெரியும்."

"அடிப்பாவி! அப்படி என்னடி பண்ணேன் உனக்கு?"

"என் ரூமை எடுத்துக்கிட்டீங்க."

"எடுத்துக்கிட்டேனா? நீயா குடுத்ததுன்னு உங்கண்ணன் சொன்னாரே! போன்ல உன்கிட்ட கேட்டாராம், நீ சந்தோஷமாச் சரின்னுட்டியாம். பாவம், ரூமையே குடுத்தவளாச்சே, கலராவது அவ இஷ்டப்படி இருக்கட்டும்னுதான் உன்னைக் கூட்டிட்டுப் போனேன்."

போனில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதை அவளிடம் சொன்னேன். அண்ணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"நீங்க என்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றேன்.

"கேட்டிருந்தா நீ வாயைத் திறந்திருப்பியா?"

அதில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதிக்கு அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் கோபத்துக்குச் சரியான விலாசம் கிடைத்துவிட்டது.

"நாளைலேருந்து இங்க ஜன்னல்கிட்ட உக்காந்து மேக்கப் போடுங்க. கவுன்ட்டர் திரும்பக் கிடைச்சிடும்," என்றேன்.

"பெயிண்டை மாத்தச் சொல்றேன் அவர்கிட்ட."

"அவ்வளவெல்லாம் வேணாம். வெள்ளை பல்பு போட்டாலே பாதி சரியாயிடும்."

"அப்ப வாங்கிட்டு வந்துடறேன்."

"வேணாம் அண்ணி."

அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பிடித்தது அவளுக்கு. பிறகு செருப்பைக் கழற்றி வாசல் பக்கம் எறிந்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வெளியே போயிருந்தபோது அவர்கள் அறையின் ஜன்னலோரத்திலிருந்து அவனுடைய கம்ப்யூட்டர் மேசையை நாங்கள் இருவரும் ஹாலுக்கு இழுத்துவந்தோம். அந்த இடத்தில் என் மேசையைப் போட்டோம். புத்தகங்களையும் அடுக்கினோம். லேப்பிலிருந்து வந்ததும் படுக்கும் நேரம் வரை அந்த அறை எனக்கு என்றாள் அண்ணி.

அண்ணன் வந்து இடுப்பில் கை வைத்து நின்றான். "யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"போன்ல நீங்க சரின்னுட்டதா இவ சொன்னாளே!" என்றாள் அண்ணி.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த போன் என்று அவன் கேட்கவே இல்லை.

அதன் பிறகு பச்சை அறையின் கண்ணாடி அவன் ஒருவனுக்குத்தான். தினமும் அங்கேதான் சவரம் செய்துகொள்வான். ஒருநாள் காலையில் அண்ணி அவன் முகத்தருகே குனிந்து, "ஏங்க, கண்ணு லேசா மஞ்சளா இருக்கே?" என்றாள். அவன் உடனே உள்ளே போய்ப் பார்த்தான். வெளியே வர வெகுநேரமானது. மறுநாள் அம்மாவும் உற்றுப் பார்த்துவிட்டு ஆமாம் என்றாள். அம்மாவுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இமையை இழுத்துப் பார்ப்பதும் நாக்கை நீட்டிப் பார்ப்பதுமாக ஆனான். எண்ணெய்ப் பலகாரத்தை விட்டான், டீயை விட்டான். கவலையில் கன்னம் நிஜமாகவே ஒட்டியது. எனக்குக் கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை. இருக்குமோ என்று உள்ளே தேடியும் பார்த்தேன்.

போன வாரம் லேப்புக்கே வந்துவிட்டான். என் எதிரே உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தான்.

"கல்லீரலுக்கு என்னென்ன டெஸ்ட் உண்டோ எல்லாத்தையும் எடுத்துடு. அம்மாகிட்ட சொல்லாதே, பயந்துடுவா."

கையில் ரப்பர் பட்டையைக் கட்டினேன். நரம்பு கயிறு மாதிரி எழுந்து நின்றது. கண் தெரியாதவர்கூட அதில் ஊசி ஏற்றிவிடலாம். அதற்குச் சற்றுத் தள்ளி, பஞ்சால் நிதானமாகத் துடைத்தேன்.

"வலிக்குமா?"

"லேசா, எறும்பு கடிச்ச மாதிரி."

குத்தினேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். ரத்தம் வரவில்லை.

"நரம்பு கிடைக்கலண்ணா," என்றேன். "அந்தக் கையக் குடு."