அறிவிப்புக்காரியின் முன்பற்கள்

பத்தொன்பது வருடங்களாக அந்த ஊர் பஸ் நிலையத்தின் குரல் அவளுடையதுதான். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'மைக்கக்கா' என்றால் பால் பாக்கெட் போடுகிறவர்வரை தெரியும். ஈறு நோய் வந்து மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஆட ஆரம்பிக்க, அரசு ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

பல்லு போனால் சொல்லு போச்சு என்பது அவள் விஷயத்தில் வெறும் பழமொழியாக நிற்கவில்லை. அவள் 'பத்தாவது மேடை' என்றது 'எட்டாவது மேடை' என்று காதில் விழுந்து, ஒரு குடும்பமே மூட்டை முடிச்சோடு எட்டில் நின்று பஸ்ஸைத் தவறவிட்டது. மறுநாளே மேனேஜர் அவளைத் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றினார்.

"பல்லு கட்டிட்டு வாங்கக்கா. உங்க நாற்காலி எங்கயும் ஓடிப்போகாது."

பல் டாக்டர் புதன்கிழமை மட்டும்தான் வருவார். சுற்றுவட்டாரத்தில் மூன்று ஆஸ்பத்திரிக்கு அவர் ஒருவரே. ஈறு ஆற மூன்று மாதம் ஆகும் என்றார். ஆறியபோது அவருக்கு மாற்றலாகிவிட்டது. தனியார் கிளினிக் எட்டாக்கனி. ஒவ்வொரு புதனும் முதல் டோக்கனுக்குப் போய் நிற்பாள். கதவு பூட்டியிருக்கும்.

"இன்னும் ஆள் போடலம்மா," என்பாள் நர்ஸ். "கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சிட்டுப் பொறுத்துக்கோங்க."

"கடிக்கிறதுக்குப் பல்லு வேணுமே சிஸ்டர்!"

நர்ஸோடு சேர்ந்து அவளும் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் கை வாயைப் பொத்திக்கொண்டது.

குடைகளும் ஒற்றைச் செருப்புகளும் நடுவே உட்கார்ந்து, டிக்கெட் கவுன்டர் பெண் மைக்கில் தடுமாறுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் மூச்சு வாங்கும் இடத்தில் இவள் உதடு அடுத்த வார்த்தைக்குக் குவியும். ஆறாம் மாதம் அந்தப் பெண்ணும் இல்லை. மெஷின் வந்துவிட்டது. வண்டி நேரம் வந்ததும் தானே பேசும் பதிவுக் குரல், பிசிறில்லை, மூச்சில்லை.

டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவள் புருஷன், அன்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "மத்தியான வண்டியை நீ கூப்பிடுற சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பசிக்கும். இப்பல்லாம் சாப்பிடவே மறந்துபோகுது."

எழுந்துபோய் வெறுமனே குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

ஒருவழியாக, புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தாள், சின்ன வயசு. பட்டியலில் பழைய பெயர்களை முதலில் கூப்பிட்டாள். அளவெடுத்தாள். அடுத்தடுத்த புதன்களில் அவளை வரச்சொல்லி, கடைசியில் மெழுகில் பதித்த பற்களை வாயில் பொருத்தினாள்.

"ஏதாவது பேசுங்கம்மா. காத்து எங்க போகுதுன்னு பார்க்கணும்."

என்ன பேசுவது? கண்ணை மூடினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சற்று நேரத்தில் புறப்பட இருக்கும் பேருந்து, பத்தாவது மேடையில்..."

'பத்து' பத்தாகவே வந்தது. வெளியே பெஞ்சில் கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்த பெரியவர் சட்டென்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "நம்ம வண்டியா?" வராந்தாவே சிரித்தது. யாரோ, "அட, நம்ம மைக்கக்காடா!" என்றார்கள்.

"அருமையா இருக்கு. கழட்டிடலாம்மா, இது வெறும் மாதிரிப் பல்லுதான். நிஜப் பல்லுக்கு இன்னும் ரெண்டு வாரம் ஆகும்."

டாக்டரம்மா கையை நீட்டினாள். அவள் உடனே வாயைத் திறக்கவில்லை. அந்த மெழுகின்மேல் உதட்டை மூடியபடி, ஊஞ்சலிலிருந்து இறங்கச் சொன்ன குழந்தையைப்போல ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.

பல் வந்த அன்று நேராக மேனேஜரிடம் போனாள். அவர் நெற்றியைத் தடவினார்.

"மெஷினை எடுக்கச் சொல்லி மேல கேக்க முடியாதுக்கா. ஆனா ஒண்ணு. அதுக்கு நேரத்துக்குக் கிளம்புற வண்டியை மட்டும்தான் சொல்லத் தெரியும். லேட்டானா ஊமை. அதை நீங்க சொல்றீங்களா?"

"சொல்றேன் சார்."

பழைய நாற்காலி, மைக்கில் மட்டும் தூசி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மத்தியான வண்டி மேடைக்கு வரும் நேரம். பத்தொன்பது வருடமாக எந்த வண்டி தாமதமானாலும் பயணிகளுக்காக வருத்தப்பட்டவள், விரலை சுவிட்சின்மேல் வைத்துக்கொண்டு, வாசல் வளைவையே பார்த்தாள்: இன்னிக்கு ஒருநாள் கொஞ்சம் லேட்டா வாயேன்.